மளிகை விலை ஏறிய பிறகு எங்கள் வீட்டில் மாறியதும் மாறாததும்

“மளிகைச் சாமான் விலை ஏறிக்கொண்டே போகிறது. அன்றாடச் சமையலிலும் பிள்ளைகளின் தின்பண்டத்திலும் நீங்கள் எதை மாற்றிக்கொண்டீர்கள்?” என்பது கேள்வி.

நாங்கள் காங்கயத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமத்தில் வசிக்கிறோம். நான், என் கணவர், அத்தை, பள்ளிக்குப் போகும் இரண்டு பிள்ளைகள் என ஐந்து பேர். 2023ஆம் ஆண்டு ஜூலையில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டி, துவரம்பருப்பும் 170 ரூபாயில் நின்ற மாதத்தில்தான், வீட்டுச் செலவை நாள் தவறாமல் ஒரு நோட்டில் எழுதத் தொடங்கினேன்.

மாதக் கடைசியில் கூட்டிப் பார்த்தபோது எனக்கே வெட்கமாகப் போய்விட்டது. ரேஷனில் 30 ரூபாய்க்குக் கிடைக்கும் ஒரு கிலோ போக, மாதம் முழுவதும் விலையைச் சொல்லிச் சொல்லிப் புலம்பிய துவரம்பருப்புக்குக் கடையில் நாங்கள் கொடுத்தது 2 கிலோவுக்கு 340 ரூபாய்; பள்ளி விட்டு வரும் வழியில் பிள்ளைகள் பேக்கரியில் தின்ற பப்ஸுக்கும் தேங்காய் பன்னுக்கும், தலைக்கு 25 ரூபாய் வீதம் 20 நாளுக்கு, 1,000 ரூபாய் போயிருந்தது. பருப்பு விலையைப் பேசாத வீடு அந்த மாதம் ஊரில் இருந்திருக்காது; பப்ஸ் விலையை எங்கள் வீட்டில் ஒருவரும் பேசவில்லை.

முதலில் சாப்பாட்டைச் சொல்லிவிடுகிறேன். வாரத்தில் ஐந்து நாள் சாம்பார் வைத்த வீட்டில் இப்போது இரண்டு நாள்தான் சாம்பார். மற்ற நாள்களில் பச்சைப்பயறு கடைசல், தட்டைப்பயறுக் குழம்பு, கொள்ளு என்று மாற்றிக்கொண்டோம். இவையெல்லாம் எங்கள் பக்கத்தின் பழைய சாப்பாடுதான். நடுவில் துவரம்பருப்புக்குப் பழகிய நாங்கள்தாம் மறந்திருந்தோம். இவற்றில் உண்மையாகவே மிச்சம் பிடித்துக் கொடுப்பது கொள்ளு. கால் கிலோ கொள்ளை இரவே ஊறவைத்து, காலையில் தாராளமாகத் தண்ணீர் விட்டுக் குக்கரில் வேகவைத்து வடித்தெடுத்து, வறுத்த மல்லி, சீரகம், வரமிளகாய், பூண்டு, சின்ன வெங்காயம் சேர்த்துக் கொரகொரப்பாக அரைத்தால், சுடுசோற்றில் நல்லெண்ணெய் விட்டுப் பிசைந்து ஐந்து பேரும் மதியம் சாப்பிடலாம். வடித்த தண்ணீர் இரவு ரசத்துக்கு. முதல் நாள் அந்தத் தண்ணீரைத் தொட்டியில் கொட்டப்போன என் கையை அத்தை பிடித்துக்கொண்டு, “கீழ ஊத்திப்போடாத அம்மணி, ராத்திரிக்கு ஆகும்” என்றார். ஊறவைக்க மறந்துவிட்டால் மட்டும் கொள்ளு வேகவே வேகாது. பருப்பில் மிச்சமானது எரிவாயுவில் போய்விடும்.

மிளகு, சீரகம், மல்லி முதலியவற்றை எங்கள் பக்கம் ‘செலவுச் சாமான்’ என்று சொல்வோம். 2023இல் சீரகமும், 2024 தொடக்கத்தில் கிலோ 400 ரூபாய் வரை போன பூண்டும் அந்தப் பெயருக்கு வேறொரு பொருளைக் கொடுத்துவிட்டன.

எண்ணெயில் நான் எண்ணிய அளவுக்கு மிச்சம் பிடிக்க முடியவில்லை. 2024 செப்டம்பரில் இறக்குமதி எண்ணெய்களுக்கு வரி கூட்டப்பட்டு, சூரியகாந்தி எண்ணெய் பாக்கெட் விலை ஏறியபோது, நாமே கடலை வாங்கிச் செக்கில் ஆட்டிக்கொள்வதுதான் மலிவு என்று பலரும் சொன்னார்கள். அவர்கள் கணக்குப் போட்டுப் பார்க்கவில்லை என்று நினைக்கிறேன். ஒரு லிட்டர் எண்ணெய்க்கு ஏறத்தாழ இரண்டரைக் கிலோ உரித்த நிலக்கடலைப் பருப்பு வேண்டும். அதன் விலையோடு செக்குக் கூலியையும் சேர்த்து, திரும்பி வரும் புண்ணாக்கின் மதிப்பைக் கழித்தாலும், பாக்கெட் எண்ணெயைவிடக் கூடுதலாகவே ஆகிறது. ருசிக்காக நாங்கள் ஆட்டித்தான் வாங்குகிறோம், மலிவு என்பதற்காக அன்று. மாதம் 4 லிட்டர் செலவானது 3 லிட்டராகக் குறைந்ததற்குக் காரணம், பூரியும் வடையும் விருந்தாளி வரும் நாளுக்கு ஒதுங்கியதுதான்.

இனித் தின்பண்டம். வேகவைத்த நிலக்கடலை, தட்டைப்பயறுச் சுண்டல், மீந்த மாவில் பணியாரம், பொட்டுக்கடலையும் வெல்லமும், மழை நாளில் கச்சாயம் என்னும் இனிப்புப் பலகாரம் என்று மாற்றினோம். முதல் இரண்டு வாரம் பிள்ளைகள் சுண்டல் கிண்ணத்தைத் தொடவில்லை. தேங்காயும் மாங்காயும் துருவிப்போட்ட பிறகு கிண்ணம் காலியாயிற்று. இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும்: மலிவான தின்பண்டத்துக்கு ஆகும் வேலையை எந்த நோட்டிலும் யாரும் எழுதுவதில்லை. நான் ஒரு நூற்பாலை அலுவலகத்தில் கணக்கு எழுதிவிட்டு ஆறு மணிக்குத்தான் வீடு திரும்புகிறேன். நாலரை மணிக்குப் பிள்ளைகள் வரும்போது சுண்டல் சூடாக இருக்கிறது என்றால் அது அத்தையின் உழைப்பு. அவர் ஊருக்குப் போயிருந்த பத்து நாளும் பேக்கரிதான் காப்பாற்றியது. ஆகவே, வீட்டில் ஆள் இல்லாதவர்களிடம் “வீட்டிலேயே செய்யுங்கள்” என்று அறிவுரை சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

பேக்கரியை அடியோடு நிறுத்தவும் இல்லை. புதன்கிழமை மட்டும் என்று பிள்ளைகளோடு பேசி முடித்ததில், 1,000 ரூபாய் 200 ஆயிற்று. வீட்டுத் தின்பண்டச் சாமானுக்கு 350 ரூபாய் போக, மாதம் 450 ரூபாய் கையில் நின்றது. அதுவும் நிலைக்கவில்லை. எங்களுக்கு நாளுக்கு ஒரு தேங்காய் வேண்டும்; 15 ரூபாய்க்கு வாங்கிய காய் 2025இல் 30 ரூபாயானபோது, அந்த 450 ரூபாய் அப்படியே தேங்காய்க்குப் போயிற்று. வீட்டைச் சுற்றிலும் கொப்பரை காயும் களங்களாகவே இருக்கிற ஊரில்தான் இந்தக் கதை.