அப்சலோம் ஜோன்ஸ் செய்தது சமரசமா?

அன்புள்ள ஐயா,

அமெரிக்காவின் பிலடெல்பியாவில் 1793இல் பரவிய மஞ்சள் காய்ச்சல் பற்றிய உங்கள் கட்டுரையில் அப்சலோம் ஜோன்ஸ் பெயரைப் பார்த்தேன். அமெரிக்க ஆங்கிலிக்கன் சபையான எபிஸ்கோபல் சபையின் முதல் கறுப்பினக் குரு அவர் என்று பிறகு படித்தேன். கறுப்பர்களுக்கெனத் தனிச் சபை கண்ட நண்பர் ரிச்சர்ட் ஆலனைப் போல நிற்காமல், வெள்ளைப் பேராயரின் கீழ் போய்ச் சேர்ந்தது சமரசம் இல்லையா? ஆங்கிலிக்கன் மரபும் மெதடிஸ்ட் மரபும் சேர்ந்த சி.எஸ்.ஐ. சபையில் வளர்ந்தவன் நான், அதனால் கேட்கிறேன்.

ஜெ., பாளையங்கோட்டை

அன்புள்ள ஜெ.,

சமரசம் என்று நான் நினைக்கவில்லை. ஜோன்ஸும் ஆலனும் 1787இல் தொடங்கிய, கறுப்பர்களின் உதவி அமைப்பான சுதந்திர ஆப்பிரிக்கர் சங்கத்தார் சொந்தமாக ஓர் ஆலயம் கட்டினார்கள். எந்தச் சபையோடு சேரலாம் என்று பேச்சு வந்தபோது, மெதடிஸ்ட் சபை என்று சொன்னவர்கள் ஆலனும் ஜோன்ஸும் மட்டும்தான். மற்றவர்களுக்கு அந்தப் பெயரே கசந்தது. மெதடிஸ்ட் ஆலயத்தில் முழங்காலில் ஜெபித்துக்கொண்டிருந்த ஜோன்ஸை வெள்ளையர்கள் பிடித்து இழுத்திருந்தார்கள். "ஜெபம் முடியட்டும்" என்று அவர் கேட்டும் விடவில்லை.

பெரும்பான்மை எபிஸ்கோபல் சபையைத் தேர்ந்தது. போதகராக வரும்படி முதலில் ஆலனைத்தான் கேட்டார்கள். தான் மெதடிஸ்டாகவே இருப்பதாக அவர் சொல்லிவிட்டார். அப்புறம் ஜோன்ஸைக் கேட்டார்கள், அவர் சரி என்றார். தன் விருப்பத்தை ஒதுக்கிவைத்து, ஜனங்கள் போன இடத்துக்கு அவர்களோடு போனார். ஒரு சேகர குருவுக்கு இதைவிடப் பெரிய தகுதி எனக்குத் தெரியவில்லை.

சும்மாவும் போகவில்லை. சபை நிர்வாகம் எங்கள் கையில்தான் இருக்க வேண்டும், ஜோன்ஸுக்குத் தகுதி இருந்தால் குருப்பட்டம் தர வேண்டும் என்று நிபந்தனை போட்டார்கள். பேராயர் வில்லியம் வைட் 1795இல் அவரை, குருவுக்கு முந்தைய படியான டீக்கனாக அபிஷேகம் செய்தார். குருவானது சில ஆண்டுகள் கழித்து. கிரேக்கமும் லத்தீனும் தெரிந்திருக்க வேண்டும் என்ற விதியை அவருக்காகத் தளர்த்தினார்கள். பதிலுக்கு, அவர்கள் கட்டிய புனித தோமா ஆலயத்துக்கு, சபைகளின் பிரதிநிதிகள் கூடும் திருமண்டல மன்றத்தில் இடம் கிடையாது என்றார்கள். அநியாயம்தான், பூசி மெழுக வேண்டியதில்லை.

டெலவேரில் 1746இல் அடிமையாகப் பிறந்தவர் அவர். யாராவது தந்த காசைச் சேர்த்து அரிச்சுவடியும் புதிய ஏற்பாடும் வாங்கினார். பதினாறு வயதில் தாயையும் உடன்பிறந்தவர்களையும் விற்றுவிட்டு, எஜமான் இவரை மட்டும் பிலடெல்பியாவுக்குக் கொண்டுபோனார். பகலெல்லாம் கடையில் வேலை, இரவில், குவேக்கர் என்ற கிறிஸ்தவப் பிரிவினர் நடத்திய பள்ளி. கல்யாணமானதும் முதலில் மனைவியின் விடுதலையைத்தான் விலைகொடுத்து வாங்கினார். தாய் அடிமையென்றால் பிள்ளையும் அடிமை என்பது அன்றைய சட்டம். தன் விடுதலை 1784இல்தான்.

மஞ்சள் காய்ச்சலுக்கு வருவோம். ஊரில் சுமார் 5,000 பேர் செத்தார்கள். கறுப்பர்களுக்கு அந்த நோய் வராது என்ற தவறான நம்பிக்கையில் அவர்களை உதவிக்கு அழைத்தார்கள். ஜோன்ஸும் ஆலனும் ஆட்களைத் திரட்டி நோயாளிகளைப் பார்த்துக்கொண்டார்கள், பிணங்களை எடுத்துப் புதைத்தார்கள். அது முடிந்ததும், கறுப்பர்கள் கொள்ளைக்கூலி வாங்கினார்கள், திருடினார்கள் என்று மேத்யூ கேரி என்ற பதிப்பாளர் எழுதினார். இருவரும் 1794இல் பதில் நூல் வெளியிட்டார்கள். அதில் வரவு செலவு அப்படியே இருக்கிறது: வந்தது 233 பவுண்டு, சவப்பெட்டிக்கும் ஆள் கூலிக்கும் போனது 411, கைநஷ்டம் சுமார் 177. அந்த ஆண்டு புதைக்கப்பட்ட கறுப்பர்கள் 305 பேர், முந்தைய ஆண்டு 67 என்ற கணக்கையும் சேர்த்தார்கள். கோபத்தை இவ்வளவு பொறுப்பாக எழுதியவர்கள் குறைவு.

டீக்கனான பிறகும் அவர் வாய்மூடி இருக்கவில்லை. அடிமைமுறைக்கு எதிராக அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரசுக்கு மனு போட்டார். அடிமை வணிகத் தடை அமலுக்கு வந்த 1808 ஜனவரி 1 அன்று நன்றிப் பிரசங்கம் செய்தார். 1818இல் இறக்கும் வரை அதே ஆலயத்தில்தான் இருந்தார். மன்றத்தில் அந்தச் சபைக்கு இடம் கிடைத்தது 1860களில், அமெரிக்க உள்நாட்டுப் போர்க் காலத்தில். இதில் சமரசம் செய்தவர்களைத் தேடினால், அவ்வளவு காலம் கதவை அடைத்து வைத்திருந்த மன்றத்தில்தான் தேட வேண்டும் என்பது என் எண்ணம்.