நேத்ராணிப் பாறைகளுக்கு அடியில் கேமரா: வாசகர் கேள்விகள்

கர்நாடகக் கடற்கரையில் உள்ள முருடேஸ்வரில் இருந்து நேத்ராணித் தீவுக்குப் போய் டைவ் செய்தேன். சிறிய கேமரா, தண்ணீர் புகாத பிளாஸ்டிக் உறை (ஹவுசிங்). படங்கள் எல்லாம் பச்சையாக, பனி பெய்தது போல வெள்ளைப் புள்ளிகளோடு வந்திருக்கின்றன. வேறு கேமரா வாங்க வேண்டுமா?
– ம.க., திருப்பூர்

வேண்டாம். இதே கேமராவில் நல்ல படம் எடுக்கலாம்.

முதலில் புள்ளிகள். அவை தண்ணீரில் மிதக்கும் தூசும் நுண்ணுயிர்களும். கேமராவின் சொந்த ஃபிளாஷ் லென்ஸை ஒட்டியே இருப்பதால், அதன் ஒளி அவற்றில் பட்டு நேராக லென்ஸுக்கே திரும்புகிறது. அதை அணைத்துவிடுங்கள். ஸ்ட்ரோப் எனப்படும் தனி ஃபிளாஷ் வாங்கினால் கைப்பிடியிலிருந்து பக்கவாட்டில் நீட்டி, லென்ஸுக்குச் சற்றுப் பின்னால் வைத்து, வெளிப்பக்கம் திருப்புங்கள். ஒளிக்கற்றையின் ஓரம் மட்டும் மீனைத் தொட்டால் போதும். லென்ஸுக்கும் மீனுக்கும் இடையே உள்ள தண்ணீர் இருட்டாகவே இருக்க வேண்டும்.

அடுத்தது நிறம். தண்ணீர் முதலில் விழுங்குவது சிவப்பை. 5 மீட்டரிலேயே பெரும்பகுதி போய்விடும். ஆழத்தை மட்டும் கணக்கிட்டால் போதாது; மீனுக்கும் லென்ஸுக்கும் நடுவே உள்ள தூரமும் சேரும். ஆகவே கிட்டப் போங்கள், ஒரு மீட்டருக்குள். தண்ணீருக்குள் பொருள்கள் கால் பங்கு அருகில் தெரியும். முக்கால் மீட்டர் என்று நீங்கள் நினைப்பது உண்மையில் ஒரு மீட்டர். ஜூம் செய்வது கிட்டப் போவதற்கு ஈடாகாது, நடுவே உள்ள தண்ணீர் அப்படியே இருக்கும்.

ஸ்ட்ரோப் இல்லாமல் எடுப்பதானால் 5 முதல் 8 மீட்டரில், வெயில் உச்சியில் இருக்கும்போது, சூரியன் உங்கள் முதுகுப் பக்கம் இருக்கும்படி எடுங்கள். வெள்ளைப் பலகை ஒன்றைக் காட்டி ஒயிட் பேலன்ஸ் (எது வெள்ளை என்று கேமராவுக்குச் சொல்லும் அமைப்பு) வையுங்கள். சில மீட்டர் இறங்கினாலும் ஏறினாலும் மறுபடி வைக்க வேண்டும். பச்சைத் தண்ணீருக்கு மெஜந்தா ஃபில்டர், நீலத்துக்குச் சிவப்பு. ஃபில்டரையும் ஸ்ட்ரோப்பையும் ஒன்றாகப் பயன்படுத்தாதீர்கள்.

அக்டோபர் முதல் மே வரைதான் அங்கே டைவிங் காலம். சீசனுக்குள்ளும் தண்ணீர் கலங்கிய நாள் வரும். அன்று பாறையின் முழுத் தோற்றத்துக்கு ஆசைப்படாமல், இடுக்கில் இருக்கும் சின்ன உயிர்களை மேக்ரோவில், அதாவது மிக நெருக்கத்தில், எடுங்கள்.

ஹவுசிங்கில் தண்ணீர் கசிந்துவிட்டது. மூடியை அடைக்கும் ரப்பர் வளையம் (ஓ-ரிங்) புதிதுதான். எப்படி?
– ரா.சு., தூத்துக்குடி

பெரும்பாலும் ஒரு தலைமுடி போதும். ஓ-ரிங்கைப் பிளாஸ்டிக் அட்டையின் மூலையால் எடுங்கள், ஊசியால் வேண்டாம், கீறல் விழும். விரலிடுக்கில் மெல்ல இழுத்துப் பாருங்கள், மணல் இருந்தால் நெருடும். அது உட்காரும் பள்ளத்தையும் நார் உதிராத துணியால் துடையுங்கள். கிரீஸ் மினுமினுப்பு தெரியும் அளவுக்கு மட்டும். அப்பினால் அதுவே முடியைப் பிடித்து வைக்கும். ஹவுசிங் தயாரிப்பாளர் சொல்லும் கிரீஸையே போடுங்கள், தவறானது ரப்பரை உப்ப வைக்கும். இதையெல்லாம் முந்தின இரவே ஏசி அறையில் முடித்து, சிலிக்கா ஜெல் பை ஒன்றையும் போட்டு மூடினால் கண்ணாடியில் ஆவி படியாது. முதலில் கேமரா இல்லாமல் வெறும் ஹவுசிங்கைத் தண்ணீரில் அமிழ்த்திப் பாருங்கள்.

உள்ளே கசிவு தெரிந்தால் லென்ஸ் பக்கம் கீழே இருக்கும்படி பிடியுங்கள், தண்ணீர் அங்கே தேங்கும். அதற்காக வேகமாக மேலே வராதீர்கள். கேமராவைவிட உங்கள் நுரையீரல் முக்கியம்.

கேமரா எடுத்துப் போனால் காற்று சீக்கிரம் தீர்கிறது. டைவ் முடிந்த அன்றே காரில் ஊர் திரும்பலாமா?
– ஜெ.வி., ஓசூர்

11 லிட்டர் சிலிண்டர், 200 பார் அழுத்தத்தில் தொடங்கி 50 பாரில் முடித்தால் கையில் இருப்பது 1,650 லிட்டர். நீர்ப்பரப்பில் நிமிடத்துக்கு 20 லிட்டர் மூச்சு என்றால், அழுத்தம் இரட்டிப்பாகும் 10 மீட்டர் ஆழத்தில் 40 லிட்டர். 41 நிமிடம் வரும். 18 மீட்டரில் 56 லிட்டர், 29 நிமிடம்தான். படத்துக்காகத் துடுப்படித்துக்கொண்டே இருந்தால் அதுவும் குறையும். மேலெழாமலும் மூழ்காமலும் ஓரிடத்தில் நிற்கும் மிதப்பு சமநிலை கைவராமல் கேமராவைத் தொடாதீர்கள். பாறையோரம் அலையாட்டம் முன்னும் பின்னும் தள்ளும். எதிர்த்து நீந்தாமல் கூடவே ஆடி, அது திரும்பும் அந்த ஒரு நொடி நிற்கும்போது பொத்தானை அழுத்துங்கள். பாறையைப் பிடிக்க வேண்டாம். குத்தும் முட்களுள்ள கடல் முள்ளெலியும் சிங்கமீனும் இருக்கும் இடம் அது.

அன்றே திரும்பக் கூடாது. டைவில் உடலில் கரைந்த நைட்ரஜன், காற்றழுத்தம் குறைந்த உயரத்தில் குமிழிகளாகி ஆபத்தாகலாம். ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் ஏறக்குறைய 900 மீட்டர் உயரம். 600 மீட்டருக்கு மேல் ஏறுவதை விமானத்தில் போவதுபோலவே கருதுங்கள்: ஒரே ஒரு டைவ் என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கடற்கரையிலேயே தங்கிவிட்டு மலைப்பாதை ஏறுங்கள்.