பழைய படங்களில் பாறை இடுக்குக் கடல்நீர் ஏன் புகைபோல் தெரிகிறது?

இரு பாறைச்சுவர்களுக்கு நடுவே கடல் புகும் ஒடுக்கமான இடங்களை 1860-களில் எடுத்த படங்களைப் பற்றிக் கேட்டிருக்கிறீர்கள். காரணம் வெளிச்சக் குறைவுதான்.

அப்போது படமெடுக்கப் பயன்பட்டது, 1851-இல் ஃபிரெடரிக் ஸ்காட் ஆர்ச்சர் வெளியிட்ட ஈரக் கொலோடியன் முறை: கொலோடியன் என்ற பிசுபிசுப்பான கரைசலைக் கண்ணாடித் தகட்டில் பூசி, ஈரம் காயுமுன் படமெடுப்பது. அந்தத் தகட்டுக்கு ஒளியுணர்வு குறைவு. நிழல் விழும் இடுக்கில் லென்ஸ் மூடியைக் கழற்றிவிட்டுப் பல நொடிகள் காத்திருக்க வேண்டும். அதற்குள் அலை வந்து போய்விடும்; அந்த அசைவெல்லாம் ஒன்றாகக் கலந்து புகைபோல் பதியும். பாறை அசையாது, அதன் மெல்லிய வெடிப்புகூடக் கூர்மையாகப் பதியும். தகடு காய்வதற்குள் கழுவியாக வேண்டும் என்பதால் இருட்டுக் கூடாரத்தையும் கரைக்கே தூக்கிப்போனார்கள். அந்த உழைப்பின்மேல் எனக்குப் பெரிய மரியாதை.

அப்புறம் இந்தப் படங்களில் வானம் வெளுத்திருப்பது: தகடு நீல ஒளியை மிக வேகமாகப் பதிந்துகொள்ளும். பாறைக்கு வேண்டிய நேரம் கொடுத்தால் மேகமெல்லாம் மறைந்துவிடும். இதனால்தான் பிரெஞ்சுப் புகைப்படக் கலைஞர் குஸ்தாவ் லெ கிரே 1850-களில் வானுக்கு ஒன்று, கடலுக்கு ஒன்று என இரு நெகட்டிவ்களைச் சேர்த்து அச்சிட்டார்.