பிக்கப் தொட்டிக்கு எந்த லைனர்?

கேள்வி: புதிய பிக்கப் வாங்கியிருக்கிறேன். பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியின் தகட்டைக் காக்க, உள்ளே இறக்கிப் பொருத்தும் பிளாஸ்டிக் லைனர் போதுமா, ஸ்பிரே அடித்துவிடுவது நல்லதா?

பதில்: என்ன ஏற்றப் போகிறீர்கள் என்று நீங்கள் சொல்லவில்லையே! கல், இரும்பு என்று தூக்கிப் போடுகிற வேலையென்றால் பிளாஸ்டிக் லைனர் அடியை நன்றாகத் தாங்கும். கெட்டியான பாலிஎத்திலீன், கிழிந்தால் கழற்றிவிட்டு வேறு மாட்டலாம். கோளாறெல்லாம் அதன் அடியில்தான். லைனருக்கும் தகட்டுக்கும் நடுவே மணலும் நீரும் புகுந்துவிடும். வண்டி அதிர அதிர மணல் பெயிண்டைத் தேய்க்கும். தேங்கிய ஈரம் துருவைக் கிளப்பும். மேலே ஒன்றும் தெரியாது. பழைய வண்டி வாங்குகிறவர்கள் லைனரைத் தூக்கிப் பார்க்காமல் விலை பேசவே கூடாது. பொருத்தியவர்களும் அவ்வப்போது கழற்றிக் கழுவ வேண்டும். யார் செய்கிறார்கள்?

ஸ்பிரே என்பது பாலியூரியா அல்லது பாலியூரித்தேன் பூச்சு. சூடாக்கிய இரண்டு திரவங்கள் ஸ்பிரே துப்பாக்கியின் முனையில் கலந்து, தகட்டில் பட்டதும் விரைவாக இறுகிவிடும். சுமார் 3 மி.மீ. கனம். தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் நீர் புக வழியில்லை. ஆனால் கனமான பொருள் விழுந்தால் தகடு நெளிவதை அது தடுக்காது. பிடிக்காவிட்டால் எளிதில் நீக்கவும் முடியாது. வண்டியை நெடுநாள் வைத்திருப்பவருக்கு நான் சொல்வது ஸ்பிரேதான்.

கேள்வி: ஸ்பிரே அடித்த பூச்சு ஓரங்களில் உரிகிறது. மட்டமான சரக்கா?

பதில்: சரக்கைவிட முன்வேலையைத்தான் சந்தேகிப்பேன். எண்ணெய்ப் பிசுக்கை நீக்கி, பெயிண்டின் பளபளப்பு போகும்வரை உப்புத்தாளால் தேய்த்த பிறகே அடிக்க வேண்டும். பட்டறையைத் தேர்ந்தெடுக்கும்போது அவர்கள் பூச்சின் பெயரைக் கேட்காதீர்கள். அடிப்பதற்கு முன் என்னென்ன செய்வார்கள் என்று கேளுங்கள். நீர் வடியும் துளைகளையும் போல்ட் மரைகளையும் மூடிவிடாமல் காப்பார்களா என்பதும் முக்கியம்.

கேள்வி: கறுப்புப் பூச்சு வெயிலில் வெளிறிவிட்டது. பலமும் போய்விட்டதா?

பதில்: பெரும்பாலும் நிறம்தான் போயிருக்கும். புற ஊதாக் கதிரைத் தாங்கும் மேல்பூச்சு கேட்டு வாங்கினால் வெளிறுவது குறையும்.

கேள்வி: நானே ரோலரால் பூசிக்கொள்ளலாமா?

பதில்: பூசலாம். பட்டறைப் பூச்சின் கனம் வராது. சிறு கீறல்களுக்குப் போதும். பல பூச்சுகளில் ஐசோசயனேட் என்ற வேதிப்பொருள் இருக்கிறது. அதன் ஆவி ஆஸ்துமாவைத் தூண்டக்கூடியது. துணி முகக்கவசம் அதற்கு உதவாது. டப்பாவில் குறிப்பிட்டிருக்கும் சுவாசக் கவசத்தோடு, காற்றோட்டமான இடத்தில் வேலை செய்யுங்கள். ஆஸ்துமா இருப்பவர் இதில் இறங்கவே வேண்டாம்.

கேள்வி: பிளாஸ்டிக் லைனரில் பெட்டிகள் வழுக்கி ஓடுகின்றன.

பதில்: ஓடத்தான் செய்யும். மேலே கனமான ரப்பர் விரிப்பு போடுங்கள். எதை விரித்தாலும் சரக்கைக் கயிற்றால் கட்டுவதை விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: தொட்டியில் வைத்தபடியே கேனில் பெட்ரோல் நிரப்பலாமா?

பதில்: கூடவே கூடாது. பிளாஸ்டிக் லைனர் மின்சாரத்தைக் கடத்தாது. நிரப்பும்போது கேனில் சேரும் நிலைமின்சாரம் தரைக்குப் போக வழியில்லாமல் பொறியாக வெடிக்கலாம். இப்படித் தீப்பற்றியதால் அமெரிக்காவில் 1998இல் அரசின் தொழிற்பாதுகாப்பு ஆய்வு நிறுவனமே எச்சரிக்கை வெளியிட்டது. உலோகக் கேனுக்கும் இது பொருந்தும். கேனை இறக்கித் தரையில் வையுங்கள், குழாய் முனை கேனைத் தொட்டபடி இருக்கட்டும், மெதுவாக நிரப்புங்கள்.