சித்தப்பாவும் காணாமல்போன மேடமும்

அன்புள்ள சார்,

ஒன்காயின் என்ற போலிக் கிரிப்டோ நாணயத்தை உலகம் முழுக்க விற்றுவிட்டுக் காணாமல்போன, கிரிப்டோ ராணி என்று சொல்லப்படும் ரூஜா இக்னதோவா பற்றிக் கொஞ்ச நாளாகத் தேடித் தேடிப் படித்துக்கொண்டிருக்கிறேன். அவரைப் படகில் வைத்துக் கொன்று கடலில் வீசிவிட்டார்கள் என்கிறார்கள். இல்லை, முகத்தை மாற்றிக்கொண்டு எங்கோ ராஜவாழ்க்கை வாழ்கிறார் என்கிறார்கள். எனக்கு இதில் ஆர்வம் வரக் காரணம் என் சித்தப்பா. ஷார்ஜாவில் வேலை பார்த்தபோது 2016-ல் ஒன்காயின் பேக்கேஜ், அதாவது காயின் கிடைக்கும் என்று சொல்லி விற்ற உறுப்பினர் திட்டம், வாங்கினார். உடன் அறையில் தங்கியிருந்தவர்களைச் சேர்த்தார். ஊருக்கு வந்து அத்தை, மாமா, என் அப்பா எல்லாருக்கும் ஐடி போட்டுக் கொடுத்தார். இன்றுவரை “மேடம் வருவாங்க, காயின் ஓப்பன் ஆகும்” என்கிறார், அதாவது காயினை விற்றுப் பணமாக்கலாம் என்று. ரூஜா செத்துவிட்டார் என்று உறுதியாகத் தெரிந்தால் அவர் தெளிந்துவிடுவார் என்று நினைக்கிறேன். உண்மையில் என்னதான் நடந்திருக்கும்?

இன்னொன்று. சித்தப்பாவின் அப்லைன், அதாவது அவருக்கு மேலே இருந்து அவரைச் சேர்த்துவிட்டவர், இப்போது பழைய காயினைப் புதிய டோக்கனாக மாற்றித் தருகிறாராம். அதற்கு ஆக்டிவேஷன் கட்டணம் கேட்கிறார். கட்டலாமா என்று சித்தப்பா யோசிக்கிறார்.

எஸ்., திருப்பூர்

(பெயரும் மற்ற விவரங்களும் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறீர்கள். எடுத்துவிட்டேன்.)

அன்புள்ள எஸ்.,

நீங்கள் முதலில் கேட்பது மரணம் பற்றி. அதையே முதலில் பார்ப்போம்.

2017 அக்டோபர் 25 அன்று ரூஜா பல்கேரியத் தலைநகர் சோஃபியாவிலிருந்து ஏதென்ஸுக்கு விமானம் ஏறினார். அதற்குப் பிறகு அவரைப் பார்த்ததாக நம்பகமான சாட்சி எதுவும் வெளியே வரவில்லை. அதற்கு இரண்டு வாரம் முன்புதான் அமெரிக்காவில் அவர்மேல் ரகசியமாகக் குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தது. தன் காதலரின் வீட்டிலேயே ஒட்டுக்கேட்கும் கருவி வைத்திருந்தார், அந்தக் காதலர் எஃப்பிஐயோடு பேசிக்கொண்டிருக்கிறார் என்பது அதன்வழியாகத்தான் அவருக்குத் தெரிந்தது.

படகுக் கதை 2023-ல் வெளிவந்தது. பல்கேரியாவின் புலனாய்வுச் செய்தி நிறுவனமான பேர்ட், ஒரு போலீஸ் ஆவணத்தை வெளியிட்டது. சுட்டுக் கொல்லப்பட்ட ஒரு போலீஸ் அதிகாரியின் வீட்டில் கிடைத்த காகிதம் அது. பல்கேரியப் போதைப்பொருள் தாதா ஒருவரின் உறவினர் குடிபோதையில் உளறியதை ஒரு இன்ஃபார்மர் கேட்டு, போலீசிடம் சொல்லி, அது எழுத்தில் பதிவாகியிருக்கிறது. 2018 நவம்பரில் அயோனியக் கடலில் ஒரு படகில் ரூஜாவைக் கொன்று, உடலைத் துண்டாக்கிக் கடலில் போட்டுவிட்டார்கள் என்பது அதன் சாரம். அந்தத் தாதா ரூஜாவுக்குப் பாதுகாப்பு கொடுத்தவர் என்றும் பேச்சு உண்டு.

குடிகாரன் சொன்னதாக ஒற்றன் சொன்னதாகக் காகிதம் சொல்கிறது. இதை வைத்து யாரும் ஈமச்சடங்கு செய்ய முடியாது. எஃப்பிஐயும் அப்படித்தான் நினைக்கிறது போல. 2022 ஜூனில் மிகவும் தேடப்படும் பத்துப் பேர் பட்டியலில் அவரைச் சேர்த்தபோது ஒரு லட்சம் டாலராக இருந்த வெகுமதி, படகுக் கதை வந்த பிறகு, 2024 ஜூனில், 50 லட்சம் டாலர் ஆனது. என் சொந்த ஊகம் கேட்டால், அவர் இறந்திருக்கத்தான் வாய்ப்பு அதிகம் என்பேன். கைக்குழந்தையை விட்டுவிட்டுப் போனவர், அவரைச் சுற்றி இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கைதான பிறகும் ஒரு சின்ன அசைவுகூட இல்லாமல் இருப்பது கடினம். ஆனால் இது ஊகம். இதற்குமேல் நீட்ட விருப்பமில்லை.

இப்போது உங்கள் சித்தப்பாவுக்கு வருகிறேன். ரூஜா செத்தது உறுதியானால் அவர் தெளிந்துவிடுவார் என்கிறீர்கள். எனக்கு அந்த நம்பிக்கை இல்லை.

2017 அக்டோபரில் லிஸ்பனில் ஐரோப்பிய ஒன்காயின் லீடர்களின் கூட்டம். ரூஜா பேசுவதாக ஏற்பாடு. எல்லாரும் காத்திருந்தார்கள், மேடம் வரவில்லை. உடனே அந்தக் கூட்டத்துக்குள்ளேயே என்ன பேச்சு கிளம்பியது தெரியுமா? வங்கிகள் அவரைக் கடத்திவிட்டன, கொன்றுவிட்டன என்று. ஒன்காயின் வந்தால் வங்கிகளுக்கு வேலை இருக்காது, அதனால் வங்கிகள்தான் நமக்கு எதிரி என்று அவர்களுக்கு ஏற்கனவே சொல்லிக்கொடுக்கப்பட்டிருந்தது. ஆக, ரூஜாவின் மரணத்தை முதலில் பேசியவர்களே அவரை நம்பியவர்கள்தான். பேசிவிட்டு, மறுநாளும் போய்ப் பேக்கேஜ் விற்றார்கள். செத்த ரூஜா அவர்களுக்குத் தியாகி, உயிரோடிருக்கும் ரூஜா மறைந்திருந்து காக்கும் தெய்வம். இரண்டில் எது நடந்தாலும் காயின் ஓப்பன் ஆகும்.

அவர் போனபின் நிறுவனம் நின்றுவிடவும் இல்லை. 2018 ஜனவரியில் சோஃபியா அலுவலகத்தில் போலீஸ் சோதனை நடந்தது. அப்போதும் நடந்துகொண்டுதான் இருந்தது. ரூஜாவின் தம்பி கான்ஸ்டன்டின், அதற்குமுன் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்தவர், அக்காவின் இடத்தில் மேடை ஏறினார். 2019 மார்ச்சில் லாஸ் ஏஞ்சலிஸ் விமான நிலையத்தில் கைதாகும்வரை அவரும் கைதட்டல் வாங்கிக்கொண்டிருந்தார். அமெரிக்க வழக்கு ஆவணங்கள்படி, காயினின் விலை 50 சென்ட்டில் தொடங்கி 2019 ஜனவரியில் 29.95 யூரோ வரை ஏறியது. ஒருமுறைகூட இறங்கவில்லை. இறங்குவதற்குச் சந்தை என்று ஒன்று இருந்தால்தானே. உறுப்பினர்கள் காயினை விற்பதற்கென்று இருந்த உள் எக்ஸ்சேஞ்ச் 2017 ஜனவரியிலேயே மூடப்பட்டுவிட்டது. விலையை நிறுவனம் தன் இஷ்டத்துக்குத் தட்டச்சு செய்தது. உங்கள் சித்தப்பா போனில் இன்னும் திறந்து பார்ப்பது அப்படித் தட்டச்சு செய்த எண்ணைத்தான்.

பிளாக்செயினும் கிடையாது, அதாவது எந்தக் கிரிப்டோ நாணயத்துக்கும் அடிப்படையான, பரிவர்த்தனைகளைப் பதியும் பொதுக் கணக்கேடே இல்லை. 2016-ல் நார்வேக்கார நிபுணர் ஒருவருக்குப் பெரிய சம்பளத்தில் வேலை தருவதாக அழைப்பு வந்தது. என்ன வேலை என்று கேட்டிருக்கிறார். ஒரு கிரிப்டோ நிறுவனத்துக்கு பிளாக்செயின் செய்து தரவேண்டும் என்றார்கள். நிறுவனம் ஏற்கனவே காயின் விற்றுக்கொண்டிருக்கிறதே என்றார். ஆமாம், ஆனால் பிளாக்செயின் இல்லை என்றார்கள். அந்த நிறுவனம்தான் ஒன்காயின். அப்போது அவர்கள் விற்பனையைத் தொடங்கி ஏறக்குறைய இரண்டு வருடம் ஆகியிருந்தது. 2014 கடைசியிலிருந்து 2016 வரை மட்டும் விற்றது 335 கோடி யூரோவுக்கு.

தொடக்கத்திலேயே திட்டமிட்டுத்தான் ஏமாற்றினார்கள் என்பது வழக்கில் சிக்கிய மின்னஞ்சல்களில் இருக்கிறது. கூட்டாளி செபாஸ்டியன் கிரீன்வுட்டுக்கு ரூஜா 2014-ல் எழுதுகிறார். திட்டம் தோற்றால் என்ன செய்வது என்று யோசித்து வைத்த வழிகளில் ஒன்று: பணத்தை எடுத்துக்கொண்டு ஓடுவது, பழியை வேறு யார்மேலாவது போடுவது. அந்தக் கிரீன்வுட் 2018-ல் தாய்லாந்தில் பிடிபட்டு, 2023 செப்டம்பரில் நியூயார்க்கில் 20 வருடத் தண்டனை வாங்கினார். 35 லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் ஏமாந்தார்கள் என்று அமெரிக்க நீதித்துறை சொல்கிறது.

இவ்வளவும் உங்கள் சித்தப்பா கேள்விப்படாமல் இருந்திருப்பார் என்றா நினைக்கிறீர்கள்? உங்களுக்குக் கிடைக்கும் யூடியூப் அவருக்கும் கிடைக்கும். அவரைத் தடுப்பது வேறு.

ஒன்காயினில் ஒருவரைச் சேர்த்துவிட்டால் நேரடியாக 10 சதவீதம் கமிஷன். அப்புறம் நமக்குக் கீழே சேருபவர்கள் லெஃப்ட், ரைட் என்று இரண்டு லெக், அதாவது இரண்டு கிளை. எந்தப் பக்கம் பலவீனமோ அந்தப் பக்கத்துக் கணக்கில்தான் மேட்சிங் என்ற அடுத்த கமிஷன் வரும். அதாவது வலுவான பக்கத்தை விட்டுவிட்டு, ஆள் இல்லாத பக்கத்துக்கு எப்போதும் ஆள் தேடிக்கொண்டே இருக்கவேண்டும். வெளியாள் கிடைக்காதபோது யாரைத் தேடுவோம்? அத்தை, மாமா, அண்ணன். வந்த கமிஷனிலும் 60 சதவீதம்தான் பணம், மீதி 40 சதவீதம் காயினாக உள்ளேயே போய்விடும். உங்கள் அப்பா கட்டியதில் ஒரு பங்கு சித்தப்பாவின் கணக்கில் ஏறியிருக்கிறது. உங்கள் அப்பாவுக்கு அது அப்போது தெரிந்திருக்கவும் வாய்ப்பில்லை.

பேக்கேஜ் போலி என்று சித்தப்பா இன்று ஒத்துக்கொண்டால் அவர் ஒப்புக்கொள்வது தன் ஏமாற்றத்தை மட்டுமில்லை. சொந்த அண்ணனிடம் கமிஷன் எடுத்ததையும் சேர்த்துத்தான். “மேடம் வருவாங்க” என்ற வாக்கியம் அதிலிருந்து அவரைக் காப்பாற்றி வைத்திருக்கிறது. மேடம் வரும்வரை அவர் யாரையும் ஏமாற்றவில்லை, கொஞ்சம் தாமதமாகிறது, அவ்வளவுதான். ரூஜாவின் உடலையே கொண்டுவந்து முற்றத்தில் கிடத்தினாலும் அவர் வேறொரு வாக்கியம் கண்டுபிடிப்பார்.

உலகம் முழுக்க இதே கதைதான். ஸ்காட்லாந்தில் கிளாஸ்கோ பெண் ஒருவர் அப்பா விட்டுப்போன பணத்தில் 10,000 யூரோ போட்டார். அவரை நம்பி உறவினரும் நண்பரும் போட்டது இரண்டரை லட்சம் யூரோ. அவர் வெளியே வந்து பேசினார். வசவும் கொலை மிரட்டலும் வந்து குவிந்தன, அதில் பெரும்பகுதி அவரைப்போலவே பணம் போட்டவர்களிடமிருந்து. உகாண்டாவில் ஓர் இளைஞர் வீட்டு ஆடுகளை விற்று ஸ்டார்டர் பேக்கேஜ் வாங்கியதை பிபிசி பதிவு செய்திருக்கிறது. ஆடு விற்றவர் அடுத்து என்ன செய்யவேண்டும் என்று பிளானில் இருந்தது? இன்னும் ஆடு வைத்திருக்கும் இருவரைப் பிடிக்கவேண்டும்.

ஏமாந்தவர்கள் புகார் கொடுக்காமல் மௌனமாக இருப்பதற்கு நம் நாட்டில் சட்டமும் ஒரு காரணம். 1978-ம் வருடத்துப் பணச்சுழற்சித் திட்டத் தடைச் சட்டம் நடத்துபவரை மட்டும் பிடிப்பதில்லை, உறுப்பினராகச் சேர்வதையும் தடை செய்கிறது. 2017 ஏப்ரலில் நவி மும்பை போலீஸ் ஒன்காயின் ஆள்சேர்ப்புக் கூட்டத்தில் வைத்து 18 பேரைக் கைது செய்தது. கைதானவர்கள் சோஃபியாவில் மாளிகை வைத்திருந்தவர்கள் இல்லை, மேடையில் நின்று பிளான் காட்டிக்கொண்டிருந்தவர்கள். புகார் கொடுக்கப் போனால் முதல் கேள்வி தன்மேலேயே வரும் என்று தெரிந்தவன் எப்படிப் போவான்?

இந்தத் தொழிலில் முகம் என்பது வாடகைக்கு எடுப்பதுதான். ரூஜாவின் அட்டைப்படம் போட்ட ஃபோர்ப்ஸ் பல்கேரியா என்று ஒரு படம் சுற்றுமே, அது உண்மையில் இதழுக்குள்ளே காசு கொடுத்துப் போட்ட விளம்பரம். அட்டைபோலவே வடிவமைத்து, உண்மையான அட்டையை எடுத்துவிட்டுக் காட்டினார்கள். லண்டன் வெம்ப்ளி அரங்கில் 2016 ஜூனில் சிவப்பு கவுனில் வந்து நின்று, இரண்டு வருடத்தில் பிட்காயினைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள் என்றார். விரல்களை ஓ வடிவில் காட்டிக் கூட்டம் ஆர்ப்பரித்தது. ஆனால் அங்கே வந்தவர்கள் ரூஜாவை நம்பிச் சேர்ந்தவர்களா என்றால், பெரும்பாலானோர் தங்களுக்கு மேலே இருந்த தெரிந்த ஆளை நம்பிச் சேர்ந்தவர்கள். நெதர்லாந்தின் இகோர் ஆல்பர்ட்ஸ் என்ற எம்எல்எம் (ஆள்மேல் ஆள் சேர்க்கும் சங்கிலி வியாபாரம்) பிரபலம் முதல் மாதமே ஏறக்குறைய 90,000 யூரோ சம்பாதித்ததாகச் சொன்னவர். ரூஜா காணாமல்போன பிறகு பிளாக்செயினைக் காட்டுங்கள் என்று கேட்டு, காட்டாததால் விலகினார். விலகி? டாக்காயின் என்ற இன்னொரு எம்எல்எம் கிரிப்டோவுக்குப் போனார். முகம் மாறியது, கீழே சேர்ந்தவர்களின் டவுன்லைன் மரம் வேரோடு பெயர்ந்து அடுத்த தோட்டத்துக்குப் போயிற்று.

சந்தேக மரணம் என்றால் இன்னொன்றும் சொல்லவேண்டும். 2020-ல் மெக்சிகோவின் மசட்லான் நகரில் லத்தீன் அமெரிக்க ஒன்காயின் ஏஜென்டுகள் இருவர் கடத்திக் கொல்லப்பட்டார்கள். இதில் உடல்கள் கிடைத்தன. இவர்களைப் பற்றி யூடியூபில் எத்தனை பேர் துப்பறிகிறார்கள் என்று பாருங்கள். மேடையில் இருந்தவளின் சாவுக்குத்தான் மர்மம் என்று பெயர். நடுமட்டத்தில் இருந்து ஆள் சேர்த்தவர்களின் சாவு உள்ளூர்ச் செய்தி.

சரி, என்ன செய்வது? சித்தப்பாவிடம் ரூஜா பேச்சை எடுக்காதீர்கள். படகு, பிளாஸ்டிக் சர்ஜரி எதுவும் வேண்டாம். அவருக்கு அதெல்லாம் பேசப் பிடிக்கும், அதில் அவர் எவ்வளவு நேரம் வேண்டுமானாலும் உங்களோடு வாதாடுவார். உங்கள் அப்பா முடிந்தால் ஒருநாள் தனியாக உட்கார்ந்து, “என் பணம் போனது போகட்டும்டா, உன்மேல கோபம் இல்லை” என்று சொல்லட்டும். கோபம் இருந்தால் சொல்லவேண்டாம், பொய் தெரிந்துவிடும். ஷார்ஜா அறைக்காரர்களில் யாரோடாவது பேச்சு அறுந்துபோயிருந்தால், அவரிடமும் சித்தப்பா போய்ப் பேச ஒரு வழி பண்ணிக்கொடுங்கள். இது வருடக்கணக்கில் ஆகலாம்.

டோக்கன் விஷயம் மட்டும் காத்திருக்க முடியாது. இப்படியான மோசடிகளில் ஏமாந்தவர்களின் பட்டியலை வைத்துக்கொண்டு, மீட்டுத் தருகிறோம், மாற்றித் தருகிறோம் என்று இரண்டாவது ரவுண்டு வசூல் நடப்பது வழக்கம். இல்லாத காயினை எந்த டோக்கனாகவும் மாற்ற முடியாது. அந்த அப்லைனிடம் ஒரே ஒரு கேள்வி கேட்கச் சொல்லுங்கள்: ஆக்டிவேஷன் கட்டணத்தைப் புதிய டோக்கனிலிருந்தே கழித்துக்கொள்ள முடியுமா? முடியாது, ஜிபேயில் போடு என்பார். ஆதார் நகல், போனுக்கு வரும் ஓடிபி எதுவும் கொடுக்கக்கூடாது. ஏற்கனவே கட்டியிருந்தால் தாமதிக்காமல் 1930 எண்ணில் சைபர் குற்றப் பிரிவுக்குச் சொல்லிவிடுங்கள். பணம் வாங்கியவரின் வங்கிக் கணக்கைவிட்டு வெளியேறும் முன்னால் சொன்னால் நிறுத்தி வைக்க வாய்ப்பு உண்டு.