நிழலில்லாத தோட்டச் சாலையில் நெடுநடை: எந்தச் சட்டை போடலாம்?

சுங்கை சிப்புட்டிலிருந்து ஒரு வாசகி கேட்கிறார்: "நாங்கள் ஐந்தாறு பெண்கள் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டத்துச் செம்மண் சாலைகளில் 20, 25 கிலோமீட்டர் நடக்கிறோம். அடுத்த ஆண்டு கோர்பு மலைக்குப் போக ஆசை. எங்கள் பக்கம் செம்பனையை வெட்டி மறுநடவு செய்துவிட்டார்கள், வழியில் நிழலே கிடையாது. அரைக்கை போட்டால் கை எரிகிறது. முழுக்கை போட்டால் புழுங்கித் தலை சுற்றுகிறது. ஈப்போவில் ஒரு கடையில் வெயிலின் புற ஊதாக் கதிரைத் தடுக்கும் யுபிஎஃப் 50 சட்டை என்று 180 வெள்ளி சொல்கிறார்கள். வாங்கலாமா, சன்ஸ்கிரீன் போதாதா? வெளிக்காட்டு வேலை பார்த்த அம்மா, 'அப்பாவோட பழைய சட்டைய மாட்டிக்கிட்டுப் போ' என்கிறார்."

அம்மா சொல்வதில் பாதிக்கு மேல் சரி. அதிலிருந்தே தொடங்குகிறேன்.

வெளிக்காட்டில் களை எடுத்த பெண்களைப் பார்த்தவர்களுக்குத் தெரியும். ஆண்களின் முழுக்கைச் சட்டை, மணிக்கட்டு வரை பொத்தான், தலையில் காதும் பிடரியும் மறையக் கட்டிய துண்டு, அதன்மேல் ஒரு தொப்பி. சட்டை எப்போதும் ஓர் அளவு பெரிதாகத்தான் இருக்கும். அந்தத் தொளதொளப்புதான் முக்கியம். வெறும் கையில் வெயில் நேராக விழும்போது அதன் வெப்பம் முழுவதையும் தோல் வாங்கிக்கொள்கிறது. மேலே தளர்ந்த துணி ஒன்று இருந்தால் துணிதான் சூடாகும். துணிக்கும் தோலுக்கும் நடுவில் காற்று ஓட இடமிருந்தால் அந்தச் சூடு வெளியே போய்விடும். பாலைவன நாடோடிகள் ஏன் கருப்பு அங்கி அணிகிறார்கள் என்று ஆராய்ந்தவர்கள் 1980ல் 'நேச்சர்' இதழில் எழுதினார்கள்: அங்கி தளர்வாக இருந்தால் கருப்போ வெள்ளையோ, தோலுக்கு வந்து சேரும் வெப்பம் ஒன்றுதான். நம் ஊர் ஈரக்காற்றும் பாலைவனக் காற்றும் வேறு என்பது உண்மை. ஆனாலும் தளர்ச்சிக்கு அவர்கள் கொடுத்த மதிப்பு நமக்கும் பொருந்தும். உங்கள் முழுக்கைச் சட்டை புழுங்குகிறது என்றால் கை நீளத்தைக் குறை சொல்வதற்கு முன், அது உடம்பைப் பிடிக்கிறதா என்று பாருங்கள்.

அப்பாவின் சட்டை தோற்பது துணியில். வெளிக்காட்டு வேலையில் நிற்பார்கள், குனிவார்கள், நிழல் கிடைத்தால் உட்காருவார்கள். நீங்கள் முதுகில் பையை மாட்டிக்கொண்டு நிற்காமல் ஐந்து மணி நேரம் நடக்கிறீர்கள். பருத்தி இழை வியர்வையைத் தனக்குள்ளேயே இழுத்து வைத்துக்கொள்ளும், எளிதில் விடாது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருக்கிற நம் ஊரில் ஒருமுறை நனைந்த பருத்திச் சட்டை வீடு வரும்வரை நனைந்தே இருக்கும். கனமாகும், முதுகில் ஒட்டும், பை வார் உராயும் இடத்தில் தோல் வழண்டுவிடும். இதைவிட முக்கியமான குறை ஒன்று உண்டு. நனைந்த பருத்தி வெயிலைக் கூடுதலாக உள்ளே விடும். காய்ந்த துணியில் இழைகளுக்கு இடையே உள்ள காற்று ஒளியைச் சிதறடிக்கிறது. அங்கே நீர் புகுந்துவிட்டால் சிதறல் குறைந்து கதிர் நேராக ஊடுருவும். நனைந்த வெள்ளைச் சட்டையில் உடம்பு தெரிவதும் இதனால்தான். மெல்லிய வெள்ளைப் பருத்தி டி-ஷர்ட்டின் காப்பு காய்ந்திருக்கும்போதே யுபிஎஃப் 5 முதல் 7 வரைதான். நனைந்தால் 3க்குக்கூட இறங்கும். 3 என்றால், மேலே விழும் புற ஊதாக் கதிரில் மூன்றில் ஒரு பங்கு தோலைத் தொடுகிறது என்று அர்த்தம்.

யுபிஎஃப் கணக்கு அவ்வளவுதான். 50 என்றால் ஐம்பதில் ஒரு பங்கு, அதாவது 2 சதவீதம் உள்ளே வரும். 30 என்றால் 3 சதவீதத்துக்குச் சற்று மேல். இந்த அளவீட்டை ஆஸ்திரேலியாவும் நியூசிலாந்தும் 1996ல் முதன்முதலாக ஒரு தரநிலையாகக் கொண்டுவந்தன, உலகம் பிறகு பின்பற்றியது. சன்ஸ்கிரீன் குப்பியில் இருக்கும் எஸ்பிஎஃப், தோல் சிவப்பதை வைத்துச் சொல்லும் கணக்கு. அது பெரும்பாலும் தோலைச் சிவக்க வைக்கும் யுவி-பி என்ற புற ஊதாக் கதிரைத்தான் காட்டும். யுபிஎஃப் யுவி-ஏ, யுவி-பி என்ற இரண்டு வகைப் புற ஊதாவையும் சேர்த்து அளக்கிறது. ஆனால் கடைக்காரர் சொல்லாத ஒன்று: அந்தத் தரநிலைப்படி சோதிப்பது புதுத் துணியை, காய்ந்த நிலையில், இழுக்காமல். நீங்கள் போட்டு நடக்கப்போவதோ வியர்வையில் ஊறி, தோளில் இழுபட்டு, பலமுறை துவைத்த சட்டையை. அதனால் 30க்கும் 50க்கும் உள்ள வித்தியாசத்துக்காகக் காசைக் கொட்டாதீர்கள். நனைந்த பிறகும் காப்பு நிற்கிற துணியா என்பதைப் பாருங்கள்.

அங்கேதான் பாலியெஸ்டர் வெல்கிறது. அதன் மூலக்கூறு அமைப்பே புற ஊதாக் கதிரை, குறிப்பாக யுவி-பியை, விழுங்கக்கூடியது. தனிப்பூச்சு எதுவும் தேவையில்லை. இழை தன் எடையில் அரை சதவீத ஈரத்தைக்கூட உள்ளே வாங்காது, வியர்வை மேற்பரப்பிலேயே பரவிச் சீக்கிரம் காயும். நைலான் இழை இன்னும் மென்மை, முள்ளில் மாட்டினால் எளிதில் கிழியாது. கதிரைத் தடுப்பதில் பாலியெஸ்டருக்கு ஒரு படி கீழே என்றாலும் நெருக்கமாக நெய்தால் போதும். மெரினோ கம்பளி நாற்றம் பிடிக்காது, ஆனால் விலையும் அதிகம், இந்த ஈரத்தில் காயவும் நேரமாகும். பாத்தெக் ரேயான் வீட்டுக்குச் சுகமானது, நனைந்தால் இழை வலுவிழக்கும். நடைக்கு வேண்டாம்.

ஆகவே 180 வெள்ளி கட்டாயமில்லை. ஓட்டப் போட்டிகளில் கொடுக்கும் பாலியெஸ்டர் ஜெர்சி முழுக்கையில் உங்கள் வீட்டு அலமாரியிலேயே இருக்கலாம். பழைய துணி விற்கும் பண்டல் கடைகளில் மலையேற்றச் சட்டைகள், மீன்பிடிப்பவர்களுக்கான முழுக்கைச் சட்டைகள் வந்து குவிகின்றன. மீன்பிடிச் சட்டையை நான் குறிப்பாகச் சொல்வேன். நாள் முழுக்கப் படகில் வெயில் வாங்குகிறவர்களுக்காகத் தைத்தது அது. முதுகில் காற்றுப் போக மடிப்பும் வலையும் இருக்கும், காலரைத் தூக்கி விட்டுக்கொள்ளலாம்.

கடையிலேயே சோதித்துவிடலாம். சட்டைக் கைக்குள் உங்கள் கையை விட்டு, விரல்களுக்குப் பின்னால் கைத்தொலைபேசி விளக்கைப் பிடியுங்கள். விரலின் ஓரம் கூராகத் தெரிந்தால் நெசவு போதாது, மங்கலான நிழலாகத் தெரிந்தால் பரவாயில்லை. அடுத்து துணியை இரண்டு பக்கமும் இலேசாக இழுத்து மறுபடி பாருங்கள். ஜெர்சி போன்ற பின்னல் துணிகளில் இழைகளுக்கு நடுவே உள்ள கண்கள் திறந்து வெளிச்சம் குபுக்கென்று வரும். இறுக்கமான சட்டை போட்டால் தோளிலும் மேல்கையிலும் நாள் முழுக்க இதே நிலைதான். கடைசியாக ஒரு சொட்டுத் தண்ணீர். முத்தாக உருண்டு நின்றால் அந்தத் துணி வியர்வையையும் இழுக்காது. சில வினாடிகளில் பரவி அகலமான ஈரவட்டம் ஆனால் எடுத்துக்கொள்ளுங்கள். கண்ணுக்குத் தெரியும் ஒளியும் புற ஊதாவும் ஒன்றில்லை, ஆகவே இது ஆய்வகச் சோதனைக்கு ஈடாகாது. ஆனால் மோசமான துணியை ஒதுக்க இது போதும்.

எடை விஷயத்தில், சாதாரணப் பருத்தி டி-ஷர்ட் சதுர மீட்டருக்கு 160 முதல் 180 கிராம் வரும். நடைக்கு 100 முதல் 140 கிராம் துணி சுகம். அதற்கும் கீழே போனால் காப்பு குறைய ஆரம்பிக்கும். நிறத்தில் ஓர் இழுபறி உண்டு: அடர் நிறம் புற ஊதாவை நன்றாகத் தடுக்கும், வெயில் சூட்டையும் வாங்கும். பாலியெஸ்டர் என்றால் வெளிர் சாம்பல், வெளிர் நீலம், காக்கி எடுக்கலாம். இழையே கதிரைப் பார்த்துக்கொள்வதால் நிறத்தை நம்பியிருக்க வேண்டியதில்லை. வெட்டைப் பொறுத்தவரை பாதி வரை திறக்கும் ஜிப் கழுத்து நல்லது. தலைமூடி (ஹூட்) சேர்ந்த மெல்லிய சட்டைகளை இப்போது நெடுந்தூர நடையர்கள் உலகம் முழுக்க விரும்புகிறார்கள். காது, பிடரி, கழுத்தின் பக்கவாட்டு எல்லாம் ஒரே துணியில் மூடிவிடும், தனியாகத் துண்டு கட்ட வேண்டாம். தோள் தையல் பை வாருக்கு நேர் கீழே வருகிறதா என்று பையை மாட்டியே பாருங்கள். அந்தத் தையல் பத்தாவது கிலோமீட்டரில் அறுக்கத் தொடங்கும். பெண்களுக்கென்று தைத்தவை பல இடுப்பில் ஒடுங்கியிருக்கும். தயங்காமல் ஆண்கள் பிரிவில் தேடுங்கள், அம்மா செய்தது அதுதான்.

சன்ஸ்கிரீன் போதுமா என்றால், போதாது. குப்பியில் போட்டிருக்கும் காப்பு கிடைக்க, ஒவ்வொரு சதுர சென்டிமீட்டருக்கும் 2 மில்லிகிராம் பூச வேண்டும். யாரும் அவ்வளவு பூசுவதில்லை. இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை, வியர்த்தால் அதற்கும் முன்பே, மறுபடி பூச வேண்டும். செம்மண் தூசி ஒட்டிய கையில் எப்படிப் பூசுவது? முகம், புறங்கை, உதடு ஆகியவற்றுக்கு அதை வைத்துக்கொள்ளுங்கள், மற்றதைத் துணியிடம் விடுங்கள்.

"நமக்குத்தான் கருத்த தோலாச்சே" என்று உங்கள் குழுவில் யாராவது சொல்வார்கள். தோலின் மெலனின் ஓரளவு காப்பது உண்மைதான், தோல் புற்றுநோய் நம்மிடையே குறைவு என்பதும் உண்மை. ஆனால் கன்னத்தில் படரும் மங்கு வெயிலில் கூடும், அதுவும் நம் நிறத்தவர்களுக்கு எளிதில் போவதில்லை. கண்புரைக்கும் புற ஊதாவுக்கும் உள்ள தொடர்பு தோல் நிறத்தைப் பார்த்து வருவதில்லை. ஆகவே தொப்பி கட்டாயம். அதன் விளிம்பு சுற்றிலும் 7.5 சென்டிமீட்டராவது இருக்கட்டும். முன்பக்கம் மட்டும் நீண்ட தொப்பி காதையும் பிடரியையும் விட்டுவிடும். குடை பிடித்து நடப்பதும் நல்ல யோசனை, யார் பார்த்தால் என்ன. செம்மண்ணிலும் வானத்திலும் சிதறிப் பக்கவாட்டில் வரும் கதிரைக் குடை தடுக்காது என்பதால் சட்டையை மட்டும் விட்டுவிடாதீர்கள்.

கீழே தளர்ந்த நைலான் கால்சட்டை போதும். ஜீன்ஸ் நன்றாக மறைக்கும், ஆனால் நனைந்தால் சுமை. தொடை உராய்ந்து புண்ணாகிறவர்கள் உள்ளே ஒட்டினாற்போல் ஓர் அரைக்கால்சட்டை போட்டுக்கொள்ளுங்கள்.

எவ்வளவு நல்ல துணியும் தவறான நேரத்தைச் சரிசெய்யாது. தீபகற்ப மலேசியா 1982 ஜனவரி 1ஆம் தேதி சூரியனைவிட ஏற்கெனவே முந்தி ஓடிய கடிகாரத்தை இன்னும் அரை மணி முன்னே நகர்த்தியது. அதனால் உங்கள் ஊரில் சூரியன் உச்சிக்கு வருவது 12 மணிக்கு அல்ல, 1 மணிக்கும் 1.30க்கும் இடையில். மாலை 3 மணிக்கு வெயில் தாழ்ந்துவிட்டது என்று நினைத்துக் கிளம்பினால், அது காலை 11.30 வெயிலுக்குச் சமம். உங்கள் நிழல் உங்கள் உயரத்தைவிடக் குட்டையாக இருக்கும்வரை கதிர் கடுமைதான், இங்கே அது ஏறக்குறைய 10.15 முதல் 4.15 வரை. விடிந்ததும் கிளம்பினால் 15 கிலோமீட்டரை அதற்கு முன்பே முடித்துவிடலாம். மேகம் போட்டிருக்கிறது என்று கையை மடித்துவிடாதீர்கள். மெல்லிய மேகத்தைத் தாண்டி 80 சதவீதம் வரை வந்துவிடும்.

தலை சுற்றுகிறது என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். நான் அதை அப்படிக் கடந்துபோக மாட்டேன். அது உடம்பு சூட்டை வெளியேற்ற முடியாமல் திணறும் அறிகுறியாக இருக்கலாம். வந்த உடனே நிழலில் உட்காருங்கள், சட்டையைத் தளர்த்துங்கள், தலையிலும் கழுத்திலும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள், கொஞ்சம் உப்புச் சேர்ந்த பானம் குடியுங்கள். அன்றைய நடை அத்தோடு முடிந்தது. யாராவது குழறிப் பேசினாலோ, இடம் தெரியாமல் விழித்தாலோ தாமதிக்காமல் உடம்பை நனைத்துக்கொண்டே 999ஐ அழையுங்கள். இரத்த அழுத்தத்துக்கு மருந்து சாப்பிடுகிறவர்கள் உங்கள் குழுவில் இருந்தால், நெடுநடைக்கு முன் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளட்டும். சில மாத்திரைகள் நீரை வெளியேற்றுபவை.

கோர்பு வேறு கணக்கு. 2,183 மீட்டர், தீபகற்பத்தில் தஹான் மலைக்கு அடுத்த உயரம். காட்டுக்குள் போனதும் மரக்கூரை வெயிலைப் பார்த்துக்கொள்ளும். அங்கே முழுக்கை எதற்கென்றால் அட்டைக்கும் பிரம்பு முள்ளுக்கும். கால்சட்டையை நெருக்கமாக நெய்த அட்டைக் காலுறைக்குள் செருகிவிடுங்கள். காலணிக்கு, பால்வெட்டுக்குப் போனவர்கள் போட்ட அதே ரப்பர் 'கம்போங் அடிடாஸ்' இன்று மலையேறுபவர்களுக்கும் பிடித்தமானது. சேற்றில் பிடிக்கும், தண்ணீரைக் குடிக்காது. உச்சியில் மரம் குட்டையாகி வானம் திறக்கும் இடத்தில் தொப்பியை எடுத்துப் போடுங்கள். ஆயிரம் மீட்டருக்குப் பத்து சதவீதம் வீதம் புற ஊதா கூடும், குளிர்ந்த காற்றில் அது உறைக்காது. வனத்துறை அனுமதியும் மலை வழிகாட்டியும் முன்கூட்டியே ஏற்பாடு செய்ய வேண்டியவை.

மலைக்கு இரண்டு சட்டை போதும். ஒன்று நடக்க. மாலையில் அதை ஓடையில் அலசிப் பிழிந்து கட்டிவிட்டால், விடியும்போது அரைகுறையாகத்தான் காய்ந்திருக்கும், அதையே மறுபடி மாட்டிக்கொள்ளுங்கள், உடம்புச் சூட்டில் காய்ந்துவிடும். மற்றதைப் பிளாஸ்டிக் பையில் முடிந்து வைத்து, படுக்கப்போகும்போது மட்டும் எடுங்கள். அந்த உயரத்தில் சுங்கை சிப்புட்டைவிட 12 டிகிரி வரை குளிராக இருக்கும். பாலியெஸ்டர் என்றாலும் ஈரச் சட்டையோடு படுக்கக் கூடாது.