வேலை சீக்கிரம் முடிந்தால் கூலி குறைய வேண்டுமா? கலைத்தொழில் கேள்வி பதில்

கேள்வி (அட்டைப்பட ஓவியர்): ஐயா, மற்றவர்கள் இரண்டு நாள் எடுக்கும் படத்தை நான் அரை நாளில் முடித்துவிடுவேன். "அரை நாள் வேலைக்கு இவ்வளவா?" என்று பேரம் பேசுகிறார்கள். கூலியை எப்படிச் சொல்வது?

பதில்: மணிக்கணக்கில் கூலி சொல்வதை முதலில் விடுங்கள். அந்தக் கணக்கில் கை தேறத் தேற வரும்படி குறையும்.

அடிமட்டக் கூலியை நீங்களே போட்டுப் பாருங்கள். 365 நாளில் வார விடுமுறை 104 போகும். காய்ச்சல், ஓய்வு, பிற விடுமுறை என்று இன்னொரு 30 தள்ளினால் மீதி 231. அதிலும் பாதி விலை பேசவும், கணக்கு எழுதவும், பயிற்சி செய்யவும் சரியாகிவிடும். காசு வரும் நாட்கள் ஏறக்குறைய 115தான். ஓராண்டுச் செலவு, கருவிகள், வரி, வேலை இல்லாத மாதங்களுக்கான சேமிப்பு எல்லாவற்றையும் கூட்டி 115ஆல் வகுங்கள். அதுதான் உங்கள் ஒரு நாளின் அடிமட்டக் கூலி. பலர் 231ஆல் வகுக்கிறார்கள். அப்புறம் அந்தக் குறைந்த கூலியை ஈடுகட்டப் பயிற்சி நாட்களிலும் வேலை எடுக்கிறார்கள். நாலைந்து வருடத்தில் கை அதே இடத்தில் நின்றுவிடுகிறது.

இதற்கு மேல் தொகையை ஏற்றுவது படத்தின் பயன்பாடு. எங்கே அச்சாகும், எத்தனை காலம், எத்தனை பிரதி, வேறு யாருக்கும் தரக்கூடாதா என்ற நான்கையும் கேட்டபிறகு விலை சொல்லுங்கள். படைப்பாளிகளின் உரிமை பற்றிய 1886ஆம் ஆண்டின் பெர்ன் உடன்படிக்கையில் சேர்ந்த நாடுகளில், பதிவு செய்யாவிட்டாலும் படைப்புரிமை உங்களுக்கு உண்டு. பொதுவாக அது படைத்தவரின் ஆயுளுக்குப் பிறகும் குறைந்தது 50 ஆண்டுகள் நீடிக்கும். அதை முழுதாக எழுதிக் கொடுப்பதும் ஓராண்டு உரிமம் தருவதும் ஒன்றாகாது. விலையும் ஒன்றாக இருக்கக்கூடாது.

ஒப்பந்தத்தில் மூன்று வரி கட்டாயம் வேண்டும். ஆரம்பிக்கும்போது 40 சதவீதம், முதல் வரைவுக்கு 30, இறுதிக் கோப்பு கைமாறும் முன் 30. திருத்தம் இரண்டு முறை. மூன்றாவதற்குத் தனிக் கூலி. திருத்தங்களை ஒரே ஆள்தான் தொகுத்துச் சொல்ல வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாமல்தான் பல வேலைகள் இழுபடுகின்றன: ஒருவர் சிவப்பு என்பார், அடுத்தவர் நீலம் என்பார், இடையில் உங்கள் வாரம் போய்விடும்.

கேள்வி (வயலின் மாணவி): தினமும் ஆறேழு மணி நேரம் சாதகம் செய்கிறேன். மணிக்கட்டு வலிக்கிறது. பல்லைக் கடித்துக்கொண்டு தொடரலாமா?

பதில்: கூடாது அம்மா. உளவியலாளர் ஆண்டர்ஸ் எரிக்சனும் சக ஆய்வாளர்களும் பெர்லினில் வயலின் மாணவர்களை ஆராய்ந்து 1993இல் முடிவுகளை வெளியிட்டார்கள். மிகச் சிறந்தவர்களின் தனிச் சாதகம் நாளுக்குச் சராசரி மூன்றரை மணி நேரம்தான். அதையும் ஒன்றரை மணிக்கும் குறைவான துண்டுகளாகப் பிரித்து, நடுவில் ஓய்வெடுத்தார்கள். தூக்கமும் அவர்களுக்குக் கூடுதலாகவே இருந்தது.

25 நிமிடம் வாசித்தால் 5 நிமிடம் கருவியைக் கீழே வையுங்கள். கடினமான இடத்தை மனம் புதிதாக இருக்கும் முதல் துண்டில் எடுங்கள். வலி வந்தால் அன்றைக்கு நிறுத்திவிடுங்கள். சில நாளிலும் தணியாவிட்டால் மருத்துவரைப் பாருங்கள். இடைவெளிக்குப் பிறகு திரும்பும்போது பழைய நேரத்தில் கால் பங்கில் தொடங்கி, மெல்ல மெல்லக் கூட்டுங்கள். கச்சேரி நெருங்கும்போது திடீரென்று இரட்டிப்பாக்குவதில் பல காயங்கள் வருகின்றன.

வலியே இல்லாமல் ஒரு விரல் தானாக மடங்கினால் இன்னும் கவனம் வேண்டும். அது மூளையிலிருந்து வரும் அசைவுக் கோளாறாக இருக்கலாம். சாதகத்தைக் கூட்டினால் முற்றும். பியானோ மேதை லியோன் ஃபிளைஷருக்கு 1960களின் நடுவில் வலக்கை விரல்கள் இப்படித்தான் மடங்கின. மீண்டும் இரு கையாலும் மேடையில் வாசிக்க அவருக்கு ஏறக்குறைய முப்பது ஆண்டு ஆனது. அப்படி விரல் மடங்கினால் நரம்பியல் மருத்துவரிடம் உடனே போங்கள்.

கேள்வி (மேடைப் பாடகர்): குரல் கம்மிவிட்டால் கிசுகிசுத்துப் பேசலாமா?

பதில்: வேண்டாம். கிசுகிசுப்பும் குரல்வளையை இறுக்கக்கூடும். பேசாமல் இருங்கள், நீர் குடியுங்கள், அடிக்கடி தொண்டையைச் செருமாதீர்கள். மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தால் காது மூக்கு தொண்டை மருத்துவர் குரல்நாணைக் கருவியால் நேரில் பார்க்க வேண்டும்.

கேள்வி (வடிவமைப்புக் கூடத்தின் பொறுப்பாளர்): எங்களிடம் அபாரமான ஒருவர் இருக்கிறார். குழுத் தலைவர் ஆக்கினோம். ஆறு மாதமாக அவர் வேலையில் பழைய ஒளி இல்லை.

பதில்: அவர் வேலையே மாறிவிட்டது. வருகைப் பதிவும் கூட்டங்களும் பார்க்கிறவருக்கு வரைய நேரம் ஏது? பதவி உயர்வுக்கு இரண்டு பாதை வையுங்கள்: ஒன்று நிர்வாகம், மற்றது முதுநிலைக் கலைஞர். சம்பளம் இரண்டிலும் சமமாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் இரண்டாவது வெறும் பட்டம்தான்.

வாரத்தில் நான்கு நாள், காலையில் மூன்று மணி நேரம் அவரை யாரும் கூப்பிடக்கூடாது. பிறர் சொதப்பிய வேலையைச் சரிசெய்ய அவரிடம் தள்ளுவதையும் நிறுத்துங்கள். திறமைசாலிக்கு நிறுவனங்கள் கொடுக்கும் தண்டனை அது. "பிரமாதம்" என்று மட்டும் சொன்னால் அவருக்குப் பயனில்லை. எந்த முடிவு வேலை செய்தது, எது செய்யவில்லை என்று சொல்ல, அவருக்கு நிகரான கண் உள்ள ஒருவரை வெளியிலிருந்தாவது மாதம் ஒருமுறை அழையுங்கள்.

கேள்வி (ஒரு தாய்): மகளுக்கு எட்டு வயது, அசாத்தியமாக வரைகிறாள். பரிசு கொடுத்து ஊக்கப்படுத்தலாமா?

பதில்: முன்கூட்டியே வாக்குக் கொடுக்காதீர்கள். 1973இல் வெளியான ஓர் ஆய்வில், உளவியலாளர் மார்க் லெப்பரும் சகாக்களும் வரைவதில் ஆர்வமுள்ள மழலையர் பள்ளிப் பிள்ளைகளை மூன்று பிரிவாக்கினார்கள். ஒரு பிரிவிடம், வரைந்தால் சான்றிதழ் உண்டு என்று முதலிலேயே சொன்னார்கள். இன்னொன்றுக்குச் சொல்லாமல் கொடுத்தார்கள். மூன்றாவதற்கு எதுவும் இல்லை. ஒன்றிரண்டு வாரம் கழித்து விருப்பம்போல் விளையாட விட்டபோது, முதல் பிரிவினர் வரைய எடுத்துக்கொண்ட நேரம் மற்றவர்களுடையதில் ஏறக்குறைய பாதிதான்.

தாளும் வண்ணமும் எப்போதும் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். "இந்த நிழலை ஏன் இந்தப் பக்கம் போட்டாய்?" என்று கேளுங்கள், அவள் தேர்ந்ததை நீங்கள் கவனித்தீர்கள் என்பதே அவளுக்குப் பெரிது. படங்களின் பின்னால் தேதி எழுதி வையுங்கள். போட்டிகள் வருடத்துக்கு இரண்டு போதும், அதுவும் அவளாகக் கேட்டால்.

கேள்வி (எழுத்தாளர்): முதல் தொகுப்பு நன்றாகப் போனது. எல்லோரும் அதே மாதிரி இன்னொன்று கேட்கிறார்கள். மறுத்தால் வரும்படி போகுமோ?

பதில்: முழுதாக மறுக்க வேண்டாம். ஐந்து நாளில் நான்கை அவர்கள் கேட்பதற்குக் கொடுங்கள். ஐந்தாவது நாளை யாரும் கேட்காத ஒன்றுக்கு ஒதுக்குங்கள்; அதில் எழுதுவதை ஆறு மாதம் யாரிடமும் காட்டாதீர்கள். அந்த நாளின் செலவையும் மேலே சொன்ன 115 நாள் கணக்கில் சேர்த்தே கூலி கேளுங்கள். அவசரத்துக்கு முதலில் பலியாவது அந்த ஐந்தாவது நாள்தான். அதனால் அதை வாரக் கடைசியில் வைக்காமல், திங்கள் கிழமையில் வையுங்கள்.